ரோஸ் சாயமும் மதிய இடைவேளையும்

அழைப்பு மணியை அழுத்திய கையோடு, கதவு திறப்பதற்கு முன்பே, "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றது ஒரு பெண் குரல். மூடிய கதவிடம் மன்னிப்புக் கேட்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை. உள்ளே நாற்காலியில் சாய்ந்திருந்த நிதானம் அதைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார்.

நிதானம் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் தீப்பிடித்த கடைகளையும் காணாமல்போன சரக்குகளையும் விசாரிப்பது அவர் வேலையாக இருந்தது. எத்தனை பெரிய தீ விபத்தானாலும், சாம்பல் ஆறும்வரை வாசலில் காத்திருந்து அதன்பிறகே உள்ளே காலெடுத்து வைப்பார். சக ஊழியர்கள் கேலியாக வைத்த பட்டப்பெயர், ஓய்வுக்குப் பிறகு வீடு தேடி வருகிறவர்களின் சிக்கல்களை விசாரிக்கும்போதும் ஒட்டிக்கொண்டது. மனைவி இறந்தபின் அந்த மாடி வீட்டில் அவரோடு இருப்பவர் மனைவியின் தம்பி. அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பெருமையடிப்பவர். துப்பறிவதில் மாமாவைவிடத் தனக்கு ஆர்வம் அதிகம் என்பதை அவர் எந்நாளும் மறைத்ததில்லை.

கதவைத் திறந்ததும் அவர்தான். வந்திருந்த அம்மாளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, காலர் வைத்த ரவிக்கை, விரல் நுனிகளில் லேசான ரோஸ் கறை. உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து மேஜைமேல் வைத்தார். கண்ணாடித் தாளுக்குள் அது பளிச்சென்று அதே ரோஸ் நிறத்தில் இருந்தது.

"எனக்கா? சாப்பிடலாமா?" என்றார் கண்டக்டர்.

"அதைத்தாங்க நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்துச்சு. அதுலதான் மாட்டிக்கிட்டேன்."

உணவில் சேர்க்கும் செயற்கைச் சாயங்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் அவர் ஆய்வாளர். வாழ்நாளில் பாதியை அங்கேயே கழித்தவர். புதிதாக வந்த இந்த ரோஸ் சாயத்தைச் சோதிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது.

"பெரும்பாலும் சாயம் தானா விஷம் இல்ல சார்," என்று தொடங்கினார். வேலையைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் இருந்த தயக்கம் போய்விட்டது. "உள்ள போனப்புறம் ஏதோ ஒண்ணு அதைக் கெடுக்கணும். குடல்ல இருக்கற கிருமிங்க அதை உடைக்கும். உடைஞ்ச துண்டு ஆகாததா இருக்கும். இல்லன்னா ஈரல் அதை வேற ஒண்ணா மாத்திடும். அதனால காத்துப் புகாத ஜாடியில கிருமிகளோட ஊற வச்சுப் பாப்போம். ஈரல் சாறு கலந்து பாப்போம். கடைசியா மனுஷக் குடல் செல்லுங்க மேல ஊத்தி, சாகுதா பொழைக்குதான்னு பாப்போம்."

"செல்லுன்னா நம்ம செல்போன் இல்லயே?" என்று கேட்ட கண்டக்டரை நிதானம் ஒரு பார்வை பார்த்தார்.

"உயிரணு, மாப்ள. நீங்க சொல்லுங்கம்மா. இந்த ரோஸுக்கு என்ன ஆச்சு?"

"கிருமி அதை உடைக்கல. ஈரலும் மாத்தல. தங்கமான சாயம்னு எழுதிடலாம்னு இருந்தேன். ஆனா வெறும் சாயத்தைச் செல்லு மேல ஊத்தி ரெண்டு நாள் வச்சா செத்துப்போகுது. மூணு தடவை செஞ்சேன். மூணு தடவையும் அதேதான். அறிக்கை எழுதிட்டேன். சாயக் கம்பெனிக்காரங்க ஒத்துக்கல, திரும்பச் செய்யச் சொன்னாங்க. என் கூட வேலை செய்யற தம்பி செஞ்சார். ஒண்ணுகூடச் சாகல. அப்புறம் அந்தத் தம்பி பக்கத்துல நிக்க, என்னையே செய்யச் சொன்னாங்க. அப்பவும் சாகல."

மேஜைமேல் கிடந்த மிட்டாயை அவர் விரலால் நகர்த்தி நேராக வைத்தார்.

"நான் தனியா இருந்தா சாகுது சார். பக்கத்துல யாராவது இருந்தா சாகல. கேக்கறவங்க என்ன நினைப்பாங்க? நான் பொய் எழுதினேன்னுதானே? வெள்ளிக்கிழமை விசாரணை வச்சிருக்காங்க. பொய்னு முடிவாயிட்டா எந்த லேபுலயும் என்னை வாசப்படி ஏத்த மாட்டாங்க. எனக்கு வேற எதுவும் இல்ல."

"வேற எதுவும்னா?"

"வேலையைத் தவிரன்னு சொன்னேன்," என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யார்மேல் சந்தேகம் என்று கண்டக்டர் கேட்டார். யார்மேலும் இல்லை என்றார் ஆய்வாளர். சோதனை செய்யும் அறையின் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று விடாமல் கேட்டதற்கு, கூட வேலை செய்யும் தம்பியிடமும் ஒன்று இருப்பதாகச் சொன்னார். கண்டக்டரின் முகம் மலர்ந்துவிட்டது.

"மத்த சாயங்களையும் இதே மாதிரிதானே செஞ்சீங்க?" என்றார் நிதானம்.

"மஞ்சள், பச்சை, ஊதா எல்லாம் செஞ்சேன். அதே கை, அதே ரூம், ஒண்ணும் ஆகல. சாயமே போடாத செல்லும் ஒரு வரிசை பக்கத்துலயே வைப்போம், ஒப்பிட்டுப் பாக்க. அதுங்களுக்கும் ஒரு குறையும் வந்ததில்ல. ரோஸ் போட்டது மட்டும்தான். மொத நாள் மத்தியானம் காலைப் பரப்பிக்கிட்டு நல்லா ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. மறுநாள் மத்தியானம் பாத்தா சுருங்கி, உருண்டு..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார். நிதானம் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு வருவதாக மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் கறாரான அம்மாள். "யாரை வேணும்னாலும் கேளுங்க. எதையும் தொடாதீங்க," என்று இரண்டே வாக்கியத்தில் வரவேற்பை முடித்துவிட்டு, உயிரணு அறையைக் காட்ட இளைய ஆய்வாளரை அனுப்பினார். கண்டக்டர் முந்திய நாளே குற்றவாளியாகத் தீர்மானித்திருந்த ஆள் இவர்தான். மெலிந்த தேகம், எதைச் சொன்னாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லும் பழக்கம். முதுகைப் பார்ப்பதற்காகக் கண்டக்டர் வேண்டுமென்றே பின்னால் நடந்தார்.

வராந்தாவின் கோடியில் இருந்தது அந்த அறை. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் உயிரணுக்களை உடல் சூட்டில் வைத்திருக்கும் எஃகுப் பெட்டி, கதவை மூடினால் உள்ளே கும்மிருட்டு. எதிரில் பழைய, கனத்த நுண்ணோக்கி. உயிரணு வளர்க்கும் சின்னக் குழிகள் கொண்ட தட்டை அதன்மேல் வைத்தால் விளக்கு ஒரு நேரத்தில் ஒரு குழியின்மேல் மட்டும் விழும். அதன் முன்னால் ஒரு முக்காலி. முக்காலிமேல் கையால் தைத்த, பூப்போட்ட மெத்தை ஒன்று கிடந்தது. சுவரில் ஒரு கடிகாரம் எப்போதோ நின்றுபோயிருந்தது. பாட்டரி மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

கண்டக்டர் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார். "மெத்துமெத்துன்னு இருக்கு மாமா. எழுந்திருக்கவே மனசு வரல."

"தட்டை உள்ள வச்சப்புறம் எப்ப வெளியே எடுப்பீங்க?" என்று நிதானம் இளைய ஆய்வாளரிடம் கேட்டார்.

"ரெண்டு நாள் முடிஞ்சுதான் சார். நடுவுல திறக்கக் கூடாதுன்னு விதி. திறந்தா சூடு மாறிடும்."

"நீங்க செஞ்சப்ப?"

"திறக்கல. மேடம் என் முன்னாடி செஞ்சப்பவும் பெட்டிக்கு டேப் ஒட்டிட்டோம்."

அலமாரியில் ரோஸ் சாயம் ஒரு பழுப்பு நிறப் புட்டியில் இருந்தது. மற்ற சாயங்கள் சாதாரண வெள்ளைப் புட்டிகளில் இருந்தன. இது மட்டும் ஏன் பழுப்பு என்று நிதானம் கேட்டார்.

"இது வெளிச்சம் பட்டா வெளுத்துடும் சார். கம்பெனியிலேயே அப்படித்தான் அனுப்புறாங்க."

"எப்படியும் யாரோ ஒருத்தர் சாயம் வெளுக்கத்தான் போகுது," என்று கண்டக்டர் இளைய ஆய்வாளரின் முதுகைப் பார்த்துச் சொன்னார். நிதானம் சிரிக்கவில்லை. புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இளைய ஆய்வாளர் கணினியில் ஒரு படத்தைத் திறந்தார். ஆய்வாளர் தனியாகச் செய்தபோது எடுத்த தட்டின் படம். மேல் வரிசைக் குழிகளில் சாயம் இல்லை, கீழ் வரிசைக் குழிகளில் சாயம்.

"இதைப் பாத்துட்டுத்தான் சார் எனக்கே சந்தேகம் வந்துச்சு. கீழ் வரிசை எல்லாத்துலயும் ஒரே அளவு சாயம்தான். ஆனா முதல் குழியில முழுக்கச் செத்திருக்கு. நடுவுல பாதி. கடைசிக் குழியில பாருங்க, கிட்டத்தட்ட எல்லாமே உசிரோட இருக்கு. சாயம் கொல்லுதுன்னா ஒரே மாதிரிதானே கொல்லணும்? மேடம் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா வேற எதையோ ஊத்தியிருக்காங்கன்னுதான் தோணுது."

"சரி. நீங்க ஏமாத்தணும்னு நினைச்சா எப்படிச் செய்வீங்க?"

"நானா சார்?" கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாக் குழியிலயும் அளந்து ஒரே மாதிரி..." என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்தி, படத்தை மறுபடி பார்த்தார்.

"அந்த அம்மா இத்தனை வருஷம் இதே வேலை செஞ்சவங்க. பொய் செஞ்சா உங்களைவிட ஒழுங்காச் செய்வாங்கன்னு எனக்குத் தோணுது," என்றார் நிதானம்.

வெளியே வரும்போது ஸ்டோர் ஜன்னலில் இருந்தவர் தானாகவே அழைத்துப் பேசினார். துப்பறிய வந்தவர்களிடம் சொல்வதற்கு எல்லோரிடமும் ஏதாவது ஒரு புகார் இருக்கும். இவருக்கு அது பல்பு. "மத்த மைக்ரோஸ்கோப்புல எல்லாம் பல்பு போட்டா போட்டதுதான் சார். கோடி ரூம்ல இருக்கறது மட்டும் என் உசிரை வாங்குது. சும்மா சும்மா எரிஞ்சு போகுது. வயரிங் கோளாறுன்னு சொன்னா யாரும் காதுல வாங்கல."

மதிய மணி அடித்ததும் கூடமே காலியானது. எல்லோரும் கூட்டமாகப் பேசிக்கொண்டே சாப்பாட்டு அறைக்குப் போனார்கள். நிதானமும் கண்டக்டரும் அவர்களோடு போய் உட்கார்ந்தார்கள். நீளமான மேஜை, நல்ல சத்தம், ஒருவர் டப்பாவிலிருந்து இன்னொருவர் எடுத்துக்கொண்டார்கள்.

"மேடம் வரலையா?" என்றார் நிதானம்.

"புதுசுல கூப்பிட்டுப் பாத்தோம் சார்," என்றார் இளைய ஆய்வாளர். "ரெண்டு மூணு தடவை வேலை இருக்குன்னு சொன்னாங்க. அப்புறம் நாங்களும் கூப்பிடறதை விட்டுட்டோம்."

"அப்ப எங்க சாப்பிடுவாங்க?"

மேஜையின் அந்தப் பக்கத்தில் மட்டும் பேச்சு நின்றது. இளைய ஆய்வாளர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "தெரியல சார்," என்றார். கண்டக்டர் மாமாவின் முழங்கையை இடித்தார். பொய் சொல்கிறான் என்று அதற்கு அர்த்தம். அது பொய்தான் என்பதில் நிதானத்துக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் குற்றம் செய்தவன் சொல்லும் பொய்யாக அது அவருக்குத் தோன்றவில்லை.

அன்று பொழுது சாயும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக ஆய்வாளரின் வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது மாடி. தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் எல்லா ஜன்னல்களிலும் விளக்கு எரிந்தது. "வீடு நிறைய ஆள் இருக்கும்போல," என்றார் கண்டக்டர். அப்போதுதான் ஆய்வாளர் பின்னாலிருந்து, தோளில் பையோடு வந்துசேர்ந்தார். வேலையிலிருந்து திரும்பி வருகிறார். மேலே போய்ப் பூட்டைத் திறந்தார். உள்ளே ஒருவரும் இல்லை.

"கரண்ட் பில்லு எகிறுமேம்மா," என்று கண்டக்டரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இருட்டா இருக்கற வீட்டுக்குள்ள நுழைய எனக்குப் பிடிக்காதுங்க. காலைல கிளம்பும்போதே போட்டுட்டுப் போயிடுவேன்."

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் இருந்தன. மூன்றின்மேல் துவைத்த துணி மடித்து வைத்திருந்தது. அவர் அவசர அவசரமாகத் துணியை எடுத்து இடம் செய்து கொடுத்தார்.

"தட்டை நடுவுல எடுத்துப் பாப்பீங்களா?" என்றார் நிதானம்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "பாக்கக் கூடாதுன்னு விதி சார்."

"விதி எனக்கும் சொன்னாங்க."

"எப்பவாவது எட்டிப் பாப்பேன். ரெண்டு நிமிஷம். எல்லாருமே அப்படி ஒரு தடவை பாக்கறதுதான்."

"மத்தியானம் சாப்பாடு?"

"சில நாள் சாப்பிட மாட்டேன். மறந்துபோயிடும்," என்றார். பிறகு அந்தக் கேள்வி எதற்கு என்று புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

படியிறங்கும்போது கண்டக்டர் கொதித்தார். "அந்தக் கண்ணாடிக்காரன்தான் மாமா. நம்மகிட்டயே பொய் சொல்றான். போட்டு அமுக்கினா உண்மை வந்துடும்."

"அமுக்க வேண்டாம் மாப்ள. நாளைக்கு அவர்தான் நமக்குக் கை கொடுக்கணும்," என்ற நிதானம் இயக்குநருக்குப் போன் போட்டார். வெகுநேரம் பேச வேண்டியிருந்தது. கடைசியில் இயக்குநர் ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டார், ஆய்வாளர் அந்த அறைப் பக்கமே வரக் கூடாது என்ற நிபந்தனையோடு. மறுநாள் மதியம் கண்டக்டர் சாப்பிடாமல் இருந்தார். எங்கே போனார், ஏன் சாப்பிடவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடாததைவிட, சொல்லாமல் இருந்ததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அந்தச் சின்ன அறையில் இயக்குநரும், இளைய ஆய்வாளரும், ஸ்டோர்க்காரரும் சுவரோரமாக நின்றார்கள். ஆய்வாளர் கதவுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னபிறகு, பூப்போட்ட மெத்தையைப் பார்க்காமல் வந்து நின்றார்.

"இந்த அம்மா தனியா இருந்தா செல்லுங்க சாகுது," என்று நிதானம் ஆரம்பித்தார். "கூட ஆள் இருந்தா சாகல. இதுக்கு எல்லாரும் ஒரே அர்த்தம்தான் எடுத்தீங்க. தனியா இருக்கறவங்க தப்பு செய்வாங்கன்னு. தனியா இருக்கறவங்க வேற என்ன செய்வாங்கன்னு யாரும் யோசிக்கல."

அவர் ஸ்டோர்க்காரர் பக்கம் திரும்பினார்.

"முதல்ல ஸ்டோர்க்காரர் சொன்னதை எடுத்துக்குவோம். இந்த மைக்ரோஸ்கோப்புல மட்டும் பல்பு அடிக்கடி போகுது. வயரிங் கோளாறு இல்ல. விளக்கு மத்ததைவிட ரொம்ப நேரம் எரியுது, அவ்வளவுதான். அடுத்தது இந்த மெத்தை. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பாக்கற வேலைக்கு யாராவது மெத்தை தைச்சுப் போடுவாங்களா? மூணாவது, என்கிட்ட பேசும்போது, 'மொத நாள் மத்தியானம் நல்லா இருந்துச்சுங்க, மறுநாள் மத்தியானம் சுருங்கிடுச்சு'ன்னு இவங்க வாய்தவறிச் சொன்னாங்க. திறக்கக் கூடாத தட்டை, அதுவும் தினம் மத்தியானம் பாத்தவங்கதான் அப்படிச் சொல்ல முடியும். ரெண்டு நிமிஷம்தான்னு என்கிட்ட சொன்னாங்க. பொய் சொல்லல. அந்தச் சுவர்க் கடிகாரம் ஓடாது, இந்த ரூம்ல ஜன்னல் கிடையாது. இவங்களுக்கு அது ரெண்டு நிமிஷமாத்தான் இருந்திருக்கும். நிஜத்துல அது முழு மதிய இடைவேளை. சாப்பாடு மறந்துபோற அளவுக்கு."

ஆய்வாளர் தலைகுனிந்தார். காதுவரை சிவந்திருந்தது.

நிதானம் இளைய ஆய்வாளரைப் பார்த்தார். "உங்களுக்கு இது தெரியும், இல்லையா?"

கண்ணாடி கழன்றது. "தெரியும் சார். எல்லாருக்கும் தெரியும். எதையோ எடுக்கறதுக்காக ஒருநாள் கதவைத் திறந்தேன். மேடம் உள்ள..." கண்ணாடியைத் துடைத்தார். "செல்லுங்ககிட்ட பேசிக்கிட்டு இருந்தாங்க. மூடிட்டுப் போயிட்டேன்."

"விசாரணைன்னு வந்தப்ப ஏன் சொல்லல?"

"எப்படி சார் சொல்றது? பாவமா இருந்துச்சு."

"பாவம் பாத்ததுலதான் இவங்க வேலை போக இருந்துச்சு," என்றார் நிதானம். கோபம் இல்லாமல்தான் சொன்னார். அதனாலேயே இளைய ஆய்வாளரால் தலைநிமிர முடியவில்லை.

இயக்குநர் கைகளைக் கட்டிக்கொண்டார். "சரி. விதியை மீறிப் பாத்திருக்காங்க. பாத்தா செல் சாகுமா? அப்படின்னா சாயம் போடாத வரிசையும் செத்திருக்கணுமே? மஞ்சள், பச்சை எல்லாம் செத்திருக்கணுமே?"

"நியாயமான கேள்வி. அதனாலதான் ரோஸ் மட்டும் ஏன் பழுப்புப் புட்டியில வருதுன்னு கேட்டேன். மத்த சாயத்துக்கு வெளிச்சம் ஒரு பொருட்டில்ல. இதுக்கு மட்டும் என்னமோ செய்யுது. அப்புறம் அந்தப் படம். முதல் குழியில முழுச் சாவு, போகப்போகக் குறைவு. விளக்கு ஒரு நேரத்துல ஒரு குழி மேலதான் விழும். வந்து உக்காந்ததும் முதல் குழியில ரொம்ப நேரம் இருப்பாங்க. கடைசிக் குழிக்குப் போகும்போது எல்லாரும் சாப்பிட்டுத் திரும்பற சத்தம் கேக்கும். சட்டுனு பாத்துட்டுத் தட்டை உள்ள வச்சுடுவாங்க. ஏமாத்தறவங்க கையில வராத கணக்கு அது."

அவர் இளைய ஆய்வாளர் பக்கம் கை காட்டினார். "நேத்துக் காலைல இந்தத் தம்பி தன் கையாலயே ரெண்டு தட்டு தயார் செஞ்சார். ஒண்ணு பெட்டியிலயே, இருட்டுல இருந்துச்சு. இன்னொண்ணை மத்தியானம் என் மச்சான் இந்த மெத்தையில உக்காந்து பாத்தார். முதல் குழியில அதிக நேரம், கடைசியில அவசரமா, ரெண்டு வரிசையையும். ரெண்டு நாள் ஆகல, ஆனா இவங்க சொன்ன கணக்குல மறுநாளே தெரிஞ்சுடும். தம்பி, எடுத்துப் பாருங்க."

இளைய ஆய்வாளர் பெட்டியைத் திறந்தார். முதல் தட்டைப் பார்த்தார். "எல்லாம் உசிரோட இருக்கு." இரண்டாவது தட்டை வைத்தார். மேல் வரிசையைத் தாண்டிக் கீழ் வரிசைக்கு வந்ததும் அவர் முதுகு விறைத்தது. அந்த முதுகைக் கண்டக்டர் இப்போது வேறு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "சாயம் போடாதது நல்லா இருக்கு. சாயம் போட்டதுல முதல் குழி போயிடுச்சு. நடுவுல பாதி. கடைசி குழி... மேடம், உங்க படம் மாதிரியே இருக்கு. அப்படியே இருக்கு."

அந்த அறைக்குள் வந்தபிறகு ஆய்வாளர் முதல்முறையாக வாய் திறந்தார். யாரிடமும் இல்லாமல், தனக்குத்தானே சொல்வதுபோல மெதுவாகப் பேசினார். "வெளிச்சத்தைச் சாயம் வாங்கிக்குது. வாங்கினதைப் பக்கத்துல இருக்கற ஆக்ஸிஜனுக்குக் கொடுத்துடுது. அந்த ஆக்ஸிஜன் வெறி பிடிச்ச மாதிரி ஆகி, செல்லோட தோலை அரிச்சுடும். கிருமியும் இல்ல, ஈரலும் இல்ல. அதைக் கெடுத்தது வெளிச்சம். இது எனக்குத் தோணியிருக்கணும். தோணலயே."

"தோணணும்னா, இவ்வளவு நேரம் இங்க உக்காந்திருக்கேன்னு நீங்க முதல்ல ஒத்துக்கணும்," என்றார் நிதானம். "அது கஷ்டம்."

"வயித்துக்குள்ள வெளிச்சம் ஏது?" என்றார் இயக்குநர். ஆனால் அந்தக் குரலில் பழைய கறார் இல்லை.

"மிட்டாய் தின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுங்க. அது உங்க வேலை. இந்த அம்மா பொய் எழுதலன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

இயக்குநர் இரண்டாவது தட்டைத் தானே ஒருமுறை குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, விசாரணை இல்லை என்றார். பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்று, இருட்டிலும் வெளிச்சத்திலும் தனித்தனியாகச் செய்து ஆய்வாளரே புதிதாக எழுத வேண்டும். விதியை மீறியதற்கு விளக்கமும் எழுதித் தர வேண்டும். போகும்போது கதவருகில் நின்று, "அந்தக் கடிகாரத்துக்கு யாராவது பாட்டரி போடுங்கப்பா," என்றார். ஸ்டோர்க்காரர் பின்னாலேயே ஓடினார்.

இளைய ஆய்வாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மத்தியானம் வந்து கூப்பிடறேன் மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

இப்போது அறையில் மூன்று பேர். ஜெயித்தவருக்கு வரும் சந்தோஷம் ஆய்வாளர் முகத்தில் இல்லை. முக்காலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் வேலையைக் காப்பாத்திக் கொடுத்தீங்க. அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல," என்றார். பிறகு, "ஒண்ணு கேக்கணும் சார். அப்ப நான் பாத்ததாலதான் அதுங்க செத்துச்சா?"

கண்டக்டர் தரையைப் பார்த்தார். இந்தக் கேள்வி வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. நிதானம் நினைத்திருந்தார்.

"எங்க வீட்ல ஆள் போனப்புறம்," என்றார், "நான் அடிக்கடி சமையல்கட்டுக்குப் போவேன், அடுப்பு அணைஞ்சிருக்கான்னு பாக்க. அன்னிக்கு அடுப்பே பத்த வச்சிருக்க மாட்டோம். இருந்தாலும் போவேன். வீட்டுல ஆளில்லன்னா எதையாவது போய்ப் போய்ப் பாக்கத் தோணுதும்மா. இந்த மெத்தையைப் பாத்ததுமே எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு."

கண்டக்டர் சட்டென்று மாமாவை ஏறிட்டுப் பார்த்தார். ஒரே வீட்டில் இருந்தும் இது அவருக்குத் தெரியாது. இறந்தது அவருடைய அக்கா.

நிதானம் நுண்ணோக்கிமேல் இருந்த தட்டைக் காட்டினார். "நீங்க ரெண்டு வரிசையையும்தானே பாத்தீங்க? சாயம் போடாததையும் அதே விளக்குல, அதே நேரம், அதே மாதிரி பேசிக்கிட்டுத்தானே பாத்தீங்க? அதுங்களுக்கு என்ன ஆச்சு?"

ஆய்வாளர் முக்காலியில் உட்கார்ந்தார். தட்டை நகர்த்தி, மேல் வரிசையின் முதல் குழியை விளக்குக்கு நேராக வைத்துக் குனிந்தார். அவர் தோள்கள் லேசாகக் குலுங்கின. அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கண்டக்டர் சட்டைப் பையைத் துழாவினார். முதல் நாள் மேஜைமேல் கிடந்த அந்த ரோஸ் மிட்டாய் இன்னும் பையில்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார்.

ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முக்காலியை நிதானத்தின் பக்கம் நகர்த்தினார். "நீங்களும் பாருங்க சார்."

நிதானம் உட்கார்ந்து குனிந்தார். வட்டமான வெளிச்சத்துக்குள், நீளநீளமாய்க் காலைப் பரப்பி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஏராளமானவை நெருக்கமாகக் கிடந்தன. அவர் அவசரப்படவில்லை. வராந்தாவில் ஆட்கள் நடக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க," என்றார்.